விடுவதற்கு ஒரு செருப்பு

நன்னிலத்தில் அகிலாண்டம் நுழையாத வீடு கிடையாது. மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுக்கிற உத்தியோகம். நாய் இருக்கிற வீடு, மாமியார் இருக்கிற வீடு, இரண்டும் இருக்கிற வீடு என்று பேதம் பார்க்காமல் நேரே மீட்டர் பெட்டிக்கு முன்னால் போய் நின்றுவிடுவாள். வீடுகள் கிடக்கட்டும். அவள் போகாத சந்நிதி ஒன்று கீழத்தஞ்சைச் சீமையில் பாக்கி இருக்கிறதா என்றால், விளக்கு வைத்துத் தேடித்தான் பார்க்க வேண்டும். திருவாரூர்த் தேர் அசைந்தால் வடத்தில் அவள் கை இருக்கும். வேளாங்கண்ணியில் கொடியேறினால் காவிச்சேலைக் கூட்டத்துக்கு முன்னால் அவள்தான் நடந்துகொண்டிருப்பாள். மாதாவே எட்டிப் பார்த்து, ‘இவளா, போன வருஷமும் வந்தாளே’ என்று அலுத்துக்கொண்டிருப்பாள். நாகூர்க் கந்தூரியில் சந்தனக்கூட்டுக்குப் பக்கத்தில், அத்தனை முக்காட்டுக்கு நடுவே ஒரு குங்குமப் பொட்டு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், அகிலாண்டம்தான்.

இவ்வளவு அலைச்சலும் ஒரே ஒரு காரியத்துக்காக. அவளுக்கு ஒரு தரமாவது மெய்சிலிர்க்க வேண்டும்.

சின்னப் பெண்ணாக இருக்கும்போதே கண்டுபிடித்த குறை அது. கோயிலில் கற்பூரம் காட்டினால் அம்மா அழுவாள், அத்தை அழுவாள், குருக்களே கண்ணைத் துடைத்துக்கொள்வார். அகிலாண்டத்துக்கு மட்டும் புளியோதரை வாசனை தூக்கலாக வரும். தனக்குள்ளே ஏதோ ஒரு ஒயர் விட்டுப்போயிருக்கிறது என்று அப்போதே முடிவு கட்டினாள். பிற்பாடு மின்வாரியத்தில் போய்ச் சேர்ந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று யாரால் சொல்ல முடியும்?

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மௌன முகாமுக்குப் போனாள். கண்ணை மூடி உட்கார்ந்தவளை ஆற்றங்கரைக் கொசு அத்தனையும் வரிசையில் வந்து தரிசித்துவிட்டுப் போயின. முக்தி கொசுவுக்குத்தான் கிடைத்தது. தீபங்குடிச் சமணக் கோயிலில் தீர்த்தங்கரருக்கு எதிரே அரை நாள் உட்கார்ந்தாள். அவரும் பேசவில்லை, இவளும் பேசவில்லை. “இருக்கறதுலயே அவர்தான் எனக்கு ஒத்துப்போனாரு” என்று வீட்டில் வந்து சொன்னாள். மன்னார்குடியில் ஒரு ஜெபக்கூடத்தில் எல்லோரும் ஆவி நிறைந்து புரியாத பாஷையில் பேசினார்கள். தான் மட்டும் வாயை மூடிக்கொண்டு நிற்பது மரியாதையாக இருக்காதே என்று அவளும் கண்ணை இறுக்கிக்கொண்டு மேலத்தெரு மின் இணைப்பு எண்களை ஒன்று விடாமல் வேகவேகமாக ஒப்பித்தாள். பக்கத்தில் நின்ற அம்மாள் அதைக் கேட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். அகிலாண்டத்துக்கு அப்போதும் ஒன்றும் இல்லை.

அவள் புருஷன் துரைக்கண்ணு நெல் விவசாயி. அவருக்கு மேட்டூர் அணையைத் தவிர வேறு சாமி கிடையாது. “நூத்தியிருவது அடி நின்னா கும்புடுவேன். எறங்குனா திட்டுவேன். இதுக்கு மேல என்னாடி பக்தி வேணும் ஒரு மனுசனுக்கு?” என்பார்.

போன இடத்திலெல்லாம் எதையாவது வாங்கிவந்து பீரோவின் அடித்தட்டில் அடுக்குவது அகிலாண்டத்தின் வழக்கம். சகல நோய்க்கும் கொடுக்கிற வைத்தீஸ்வரன்கோயில் சாந்துருண்டை, நாகூர்ச் சந்தனம், வேளாங்கண்ணி எண்ணெய், தர்கா விளக்கில் எரிந்து மிஞ்சிய எண்ணெய், எந்த ஊர் என்று மறந்துபோன தீர்த்தங்கள். விபூதி மட்டும் ஒரு போகத்துக்கு வயலுக்கு அடியுரமாகப் போடுகிற அளவுக்குத் தேறும்.

ஊரில் அவள் பொறாமைப்பட்ட வீடு ஒன்று உண்டென்றால் அது பாத்திரக்கடை ஜெய்னுலாபுதீன் வீடுதான். எந்நேரம் போனாலும் சாம்பிராணி மணக்கும். வெயில் கொளுத்துகிற மத்தியானத்தில்கூடப் புகை சுருள் சுருளாக வரும். எப்பேர்ப்பட்ட பக்தி இருந்தால் இப்படி இடைவிடாமல் புகையும் என்று நினைத்து ஏங்குவாள். அவருடைய சம்சாரம் சைத்தூன் பீவி உள் அறைத் திரையை முகம் தெரிகிற அளவுக்கு மட்டும் விலக்கிக்கொண்டு பேசுவாள். டீ டம்ளர் திரைக்கு அடியிலிருந்து வரும். பெண்ணுக்குப் பெண் எதற்குத் திரை என்று கேட்டால், “எனக்கு வெளிச்சம் ஆவாதுடி” என்பாள். வருஷக்கணக்காக இருவரும் அந்தத் திரை இடுக்கு வழியாகவே ஊர் முழுவதையும் உரித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

பணி ஓய்வுக்கு முன்னால் கடைசிக் கணக்கெடுப்புக்குப் போன அன்றைக்கு அகிலாண்டம் டீயைக் குடித்துவிட்டு, “அடுத்த தடவ மீட்டருக்கு வேற ஆளு வரும் சைத்தூன்” என்றாள்.

“அப்ப நீ வர மாட்டே?”

“மீட்டரு பாக்க வர மாட்டேன்.”

திரை முழுதாக விலகியது. சுவரைப் பிடித்துக்கொண்டு சைத்தூன் பீவி வெளியே வந்தாள். வலது கால் எல்லோருக்கும் இருக்கிற கால்தான். இடது கால் முட்டிக்குக் கீழே அடிப்பனை மாதிரி இருந்தது. தோல் மடிப்பு மடிப்பாக, கறுத்து, விரல்கள் எங்கே தொடங்குகின்றன என்றே தெரியாமல். அவள் நடந்து வந்ததோடு ஒரு வாடையும் வந்தது. சாம்பிராணி எதற்கென்று அகிலாண்டத்துக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது. இத்தனை வருஷமும் பக்தி என்று நினைத்து ஒரு வாடையின் மறைப்பைப் பார்த்து ஏங்கியிருக்கிறாள்.

“பாத்துக்க. போற அன்னிக்கு ஒளிக்க என்னா இருக்கு?” என்றாள் சைத்தூன். “யானைக்கால். பெரியவன் சித்தீக் பொறந்தப்ப வந்துச்சு. அவனுக்குக் கல்யாணம் ஆயி துபாய்க்கே போயிட்டான். இது மட்டும் என்ன விட்டுப் போவ மாட்டேங்குது.”

அகிலாண்டம் கணக்கு நோட்டை மூடிக் கக்கத்தில் இடுக்கினாள். “நாகூருக்குப் போறேன் சைத்தூன். ஒனக்கு என்னா கேக்கணும், சொல்லு” என்றாள்.

“நீ ஒண்ணும் கேக்க வேணாம், நானே வரணும். சித்தீக் லீவுல வர்றப்பல்லாம் காரு வெச்சுக் கூட்டிட்டுப் போறேங்கறான், நாற்காலில வெச்சுத் தள்றேங்கறான். அதுல்லடி. தர்கா வாசல்ல எல்லாரும் செருப்ப விட்டுட்டு உள்ள போறாங்க பாரு? எனக்கு விடறதுக்கு ஒரு செருப்பு வேணும். அவ்ளதான்.”

வேறு யாராக இருந்தாலும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அகிலாண்டம் வீட்டுக்குப் போய் பீரோவைத் திறந்தாள்.

ஓய்வு பெற்ற மறுநாளே அடித்தட்டு மொத்தமும் கட்டைப்பையில் ஏறி சைத்தூன் வீட்டுக்கு வந்துவிட்டது. எந்தச் சாமிக்கும் மனத்தாங்கல் வந்துவிடக்கூடாது என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்தாள். முதலில் நாகூர்ச் சந்தனம். அதன்மேல் வேளாங்கண்ணி எண்ணெயும் தர்கா எண்ணெயும். விரல் இடுக்கில் சாந்துருண்டையைக் குழைத்து அப்பினாள். கடைசியாக விபூதி, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி. காற்றுப் பட்டுச் சக்தி போய்விடுமே என்று பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டினாள். ஒரு மதநல்லிணக்க மாநாட்டையே அந்தக் காலில் நடத்தி முடித்துவிட்டு நிமிர்ந்தாள். “என்னா, சில்லுன்னு இருக்கா?” என்று கேட்டதற்கு, “பாரமா இருக்கு” என்றாள் சைத்தூன்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. சைத்தூனுக்குக் குளிர் எடுத்து, கட்டிலே ஆடுகிற மாதிரி உடம்பு தூக்கிப் போட்டது. கால் தொடைவரை நெருப்பாகச் சிவந்தது. ஜெய்னுலாபுதீன் ஆட்டோ வைத்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அகிலாண்டம் பின்னாலேயே டவுன் பஸ்ஸில் ஓடினாள்.

யானைக்கால் நோயாளிகளைப் பார்க்கிற நர்ஸ் பூர்ணிமா கட்டைப் பிரித்தாள். பிரித்தவள் இன்னும் கிட்டே குனிந்து பார்த்தாள். அவளும் எத்தனையோ கால்களைப் பார்த்தவள்தான்.

“இது யாரு வேல?”

“நான்தாம்மா” என்றாள் அகிலாண்டம். “எல்லாம் சாமி பிரசாதம்.”

“பிரசாதத்த நெத்தில பூசுங்க, யாரு வேணாங்கறா? வெரலு இடுக்குல புண்ணு இருக்கு. அதுல எண்ணெயும் சாந்தும் அப்பி, காத்துப் போவாம கட்டி வெச்சிருக்கீங்க. கிருமிக்குக் கல்யாண மண்டபமே புடிச்சுக் குடுத்திருக்கீங்கம்மா. பந்தி நடக்குது உள்ள.”

டாக்டர் மருந்து எழுதினார், காய்ச்சல் இறங்கியது. அனுப்புகிறபோது பூர்ணிமா ஒரு பிளாஸ்டிக் தொட்டி, மக், துண்டு, சோப்பு, விரல் இடுக்குக்கு ஒரு களிம்பு எல்லாவற்றையும் கொடுத்தாள். “தினமும் சோப்புப் போட்டு நல்ல தண்ணில கழுவணும். ஒவ்வொரு மடிப்பும், ஒவ்வொரு இடுக்கும். ஒத்தி ஒத்தி ஈரமே இல்லாமத் தொடைக்கணும். காலத் தூக்கி வெச்சு உக்காரணும். யானைக்கால் பழைய காலா மாறாது, நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா நாத்தம் போயிடும், இந்தக் காய்ச்சல் வராது, வீக்கம் கொஞ்சம் வத்தும். செருப்பே போடலாம்.”

அகிலாண்டத்தின் காது செருப்பில் நின்றுவிட்டது. “எந்தக் கெழமைல ஆரம்பிக்கலாம்? எந்தத் தெச பாத்து உக்காரணும்?”

“வெளிச்சம் இருக்கிற தெச பாத்து” என்றாள் பூர்ணிமா.

ஆஸ்பத்திரி வாசலில் ஜெய்னுலாபுதீன் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் அதிர்ந்து பேசாத மனுஷர். கடையில் அண்டா விழுந்தால்கூட மெதுவாகத்தான் விழும். “தங்கச்சி, நீங்க வர வேணாம்னு நான் சொல்ல மாட்டேன். அவளுக்கு ஒங்கள வுட்டா யாரு? ஆனா இனிமே வந்தா வெறுங்கையோட வாங்க.”

யாராவது திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை அகிலாண்டம் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே வந்தாள்.

யார் கழுவுவது என்பதில் சிக்கல் வந்தது. சைத்தூனுக்குக் குனிந்தால் கால் எட்டாது. ஜெய்னுலாபுதீன் முன்வந்தார். “நீங்க என் காலத் தொடறதா? அல்லாவே, அதுக்கு நான் இப்புடியே கெடக்கறேன்” என்று அவள் திரையை இழுத்துவிட்டாள். மறுநாள் காலை அகிலாண்டம் வெறுங்கையோடு வாசலில் வந்து நின்றாள்.

“வந்துட்டியா? மிச்சம் மீதி ஏதும் மடில ஒளிச்சு வெச்சிருக்கியா?” என்றாள் சைத்தூன்.

“ஒண்ணுமில்ல, சோதனை போட்டுக்க.”

அகிலாண்டம் திரையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெளிச்சம் விழுகிற பக்கமாக நாற்காலியைத் திருப்பினாள். ஆஸ்பத்திரித் தொட்டிக்குள் அந்தக் கால் நுழைய மறுத்தது. ஜெய்னுலாபுதீன் கடைக்கு ஓடி, கல்யாண பிரியாணிக்குக் கறி ஊறவைக்கிற அகன்ற பேசின் ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார். அதில் ஒரு ஆட்டையே குளிப்பாட்டலாம். குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி ஆற்றி நிரப்பினார்கள். கால் உள்ளே இறங்கியது.

முதலில் அகிலாண்டத்தால் அந்த வாடையைத் தாங்க முடியவில்லை. அதை மறைக்கவும் இல்லை. எழுந்துபோய்ப் பின்கட்டில் நின்று மூச்சு வாங்கிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். சைத்தூன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சோப்பு நுரைத்தது. ஆஸ்பத்திரியில் மேலாகத் துடைத்தது போக மடிப்புகளுக்குள் ஒளிந்திருந்ததெல்லாம் இப்போது கிளம்பி வந்தது. முதலில் விபூதி, தண்ணீர் சாம்பல் நிறமானது. அப்புறம் சந்தனம் மஞ்சளாக ஒழுகியது. சாந்து கறுப்பாகக் கரைந்தது. இரண்டு ஊர் எண்ணெயும் மேலே மிதந்து ஒன்றோடொன்று கலந்தன. அவள் இத்தனை காலம் நடந்து, நின்று, பஸ் மாறி, வரிசையில் இடிபட்டுச் சேர்த்ததெல்லாம் ஒரு பிரியாணி பேசினில் கரைந்துகொண்டிருந்தது. தண்ணீரை மாற்றினாள். மறுபடி மாற்றினாள். தண்ணீர் தெளியத் தெளிய அவள் பேச்சு குறைந்தது.

விரல் இடுக்கில் துணியை விட்டு ஒத்தி எடுத்தபோது, கறுத்த தோலுக்கு அடியிலிருந்து ஒரு நகம் எட்டிப் பார்த்தது. வெள்ளையாக, சின்னதாக, குழந்தை நகம் மாதிரி. அகிலாண்டம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயிரங்கால் மண்டபத்தைப் பார்த்தபோதும், கடல் மாதிரி நின்ற கந்தூரிக் கூட்டத்தைப் பார்த்தபோதும் அவள் அப்படிப் பார்த்ததில்லை. அந்த விரலுக்குப் பக்கத்து விரல். அதற்கும் ஒரு நகம். இவ்வளவு நாளும் எல்லாமே அங்கேதான் இருந்திருக்கின்றன. யாரும் வந்து கூப்பிடவில்லை, அதனால் அவை வரவில்லை. கணுக்காலுக்கு மேலே ஒரு மடிப்பை விரித்துக் கழுவினாள். அங்கே மிளகு அளவில் ஒரு மச்சம்.

“மச்சம் ஒண்ணு இருக்கு சைத்தூன்.”

கதவுக்கு அந்தப் பக்கம் தண்ணீர்க்குடத்தோடு நின்ற ஜெய்னுலாபுதீன் சட்டென்று கேட்டார். “அது இன்னும் இருக்கா?”

உள்ளே இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சைத்தூன் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணிலிருந்து கொட்டியது. “இத்தினி வருசம் கழிச்சுக் கேள்வியப் பாரு, வெக்கங்கெட்ட மனுசன்” என்றாள். பிறகு குனிந்து, “ஏ அகிலா, ஒனக்கு என்னா குளுருதா?” என்றாள்.

அகிலாண்டம் தன் கையைப் பார்த்தாள். முழங்கைவரை ஒவ்வொரு மயிரும் நட்டு வேர் பிடித்த நாற்று மாதிரி நெட்டுக்குத்தலாக நின்றது.

“தண்ணி ஜில்லுன்னு இருக்குல்ல” என்றாள். தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

அதன்பிறகு அவள் ஒரு நாளும் விடவில்லை. மழை, பந்த், பொங்கல், ரம்ஜான் எதற்கும் அந்தக் காலுக்கு விடுமுறை கிடையாது. யானை எழுந்து போய்விடவில்லை. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது. கணுக்கால் என்று ஒன்று இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. காய்ச்சல் திரும்ப வரவில்லை. ஒருநாள் ஜெய்னுலாபுதீன் சாம்பிராணிக் கரண்டியை எடுத்துப் பரணில் போட்டார். வீட்டில் முதல்முதலாக வெறும் மீன்குழம்பு வாசனை வந்தது.

இதற்குள் அகிலாண்டத்துக்கு இன்னொரு விஷயம் உறைத்திருந்தது. ஊரில் வேறு எந்தெந்த வீட்டில் காரணம் இல்லாமல் திரை தொங்குகிறது, எந்த வீட்டில் ஒரு நாற்காலி எப்போதும் இருட்டில் கிடக்கிறது என்று மீட்டர் பார்த்தவளுக்குத் தெரியாதா? அம்சவல்லி வீட்டுப் பின்கட்டு, ரைஸ்மில் தெருவில் ஒரு மாடி, வாய்க்கால் மேட்டில் ஒரு குடிசை. கையை வீசிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள். “மீட்டரு பாக்க வரல. காலப் பாக்க வந்திருக்கேன்” என்றாள். சிலர் கதவைச் சாத்தினார்கள். அடுத்த வாரம் அவர்களே ஆள் அனுப்பினார்கள். பூர்ணிமா தொட்டிகளை அடுக்கிக் கொடுத்தாள். கோயிலுக்குப் போக நேரமே இல்லை. “சாமியெல்லாம் ஒன்னத் தேடுதாம்டி, ஆளக் காணுமேன்னு” என்றார் துரைக்கண்ணு.

செருப்புக்கு அளவெடுத்த நாள் ஒரு திருவிழா. அரிசிச் சாக்கு அட்டையில் சைத்தூன் காலை வைக்க, ஜெய்னுலாபுதீன் மண்டியிட்டுப் பென்சிலால் சுற்றி வரைந்தார். இந்தத் தடவை அவள் தடுக்கவில்லை. திருவாரூரில் ஒருவர் மெத்தென்ற ரப்பர் அடிப்பாகம் வைத்து, மேலே அகல வார் போட்டுத் தைத்துக் கொடுத்தார். ஒரு செருப்பு சாதாரணம். இன்னொன்றில் கைக்குழந்தையைப் படுக்க வைக்கலாம்.

குறுவை நடவு முடிந்த கையோடு துரைக்கண்ணுவையும் சேர்த்து நாலு பேருமாக நாகூருக்குப் புறப்பட்டார்கள். வேனிலிருந்து இறங்கி தர்கா வாசல்வரை சைத்தூன் நடந்தாள். மெதுவாக, ஒரு கையால் ஜெய்னுலாபுதீன் தோளைப் பிடித்துக்கொண்டு. மினாராவிலிருந்து புறாக்கள் கும்பலாகக் கிளம்பி வெயிலை மறைத்துவிட்டுப் போயின. செருப்பு விடுகிற இடத்தில் டோக்கன் கொடுக்கிறவன் அந்தப் பெரிய செருப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, “என்னாம்மா இது, செருப்பா தோணியா?” என்றான்.

“தோணிதான் தம்பி” என்றாள் சைத்தூன், முகம் முழுக்கச் சிரிப்பாக. “கடக்கர முத்துப்பேட்டக்காரி நான். தோணி இல்லாம எங்க போவேன்?”

வெறுங்காலோடு அவள் உள்ளே போனாள். அந்தக் கூட்டத்தில் எந்த வெறுங்காலும் அவ்வளவு கம்பீரமாகப் போயிருக்காது. அகிலாண்டம் பின்னால் போகவில்லை. டோக்கன்காரனிடமிருந்து அந்த ஜோடியைத் திரும்ப வாங்கிக்கொண்டு படியோரமாக உட்கார்ந்துவிட்டாள்.

துரைக்கண்ணு திரும்பி வந்து பார்த்தார். “என்னாடி, ஆயுசு பூரா சாமி சாமின்னு ஓடுனே. இங்க வந்து செருப்ப மடில வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கே? உள்ள வரல?”

“நீங்க போங்க. ஒருத்தராச்சும் இதப் பாத்துக்கணும்ல.”

அவர் ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்தார். அவள் கை மயிர் நிற்பதைப் பார்த்தார். மேட்டூர் நிரம்பிய சேதி கேட்டால் தனக்கு நிற்கிற மாதிரியே நின்றது. தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போனார்.

அகிலாண்டம் செருப்பின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். சைத்தூனின் பாதம் பதிந்த இடம் இன்னும் சூடாக இருந்தது. குதிகாலுக்கு ஒரு குழி, பெருவிரலுக்கு ஒரு சின்னக் குழி. உள்ளே ஃபாத்திஹா ஓதுகிற சத்தமும் வெளியே அல்வா விற்கிற சத்தமும் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. அவள் கண்ணை மூடவில்லை. மூடத் தோன்றவில்லை. பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலையும் சோப்பையும் துண்டையும் எடுத்துப் படியில் தயாராக வைத்தாள். புறா நடக்கிற தரையாயிற்றே, வந்ததும் கழுவியாக வேண்டும்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சைத்தூன் வெளியே வந்தாள். நெற்றியில் வியர்வை, கையில் பூ. வாசலில் நின்று அங்கே கிடந்த செருப்புகள் அத்தனையையும் கண்ணால் துழாவினாள். பிறகு, சாமி கும்பிட்டுவிட்டு வருகிற எல்லோரும் எல்லா வாசலிலும் போடுகிற அதே சத்தத்தை, தெருவுக்கே கேட்கிற மாதிரி அவளும் போட்டாள்:

“ஏ அகிலா, என் செருப்பு எங்கடி?”